மிஞ்சிய சீட்டு

சீட்டுக் குலுக்கிய அன்று நான் பள்ளிக்கு வரவில்லை.
கோரையாற்றுத் தென்கரைக்கு
எங்கள் வாத்துக் கிடை மாறிய நாள் அது.

மறுநாள் போனால்
வியாழன் போயிருந்தது,
வளையத்தோடு சனி போயிருந்தது,
செவ்வாய்க்கு இரண்டு பேர் சண்டை.
டப்பாவின் அடியில் மடங்கிக் கிடந்தது ஒரே ஒரு சீட்டு:
ஹௌமியா.

"காய்ச்சலா?" என்றான் இம்மானுவேல்.
"பிஸ்கட்" என்றாள் ரஹ்மத் நிஷா.
அவள் அண்ணன் போனில் தேடினோம்.
வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் படம் வந்தது.
நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு நின்றது.

முட்டை!
தாளடி அறுத்த வயலில்
வலைப் பட்டிக்குள் குனிந்து குனிந்து
விடியுமுன் நான் பொறுக்குகிறேனே,
அதே வெள்ளை, அதே நீளம்.

நெப்டியூனுக்கும் அப்பால் மேயும் குறுங்கோளே,
எல்லாரும் உருண்டையாய் இருக்க
நீ மட்டும் ஏன் இப்படி?
சுற்றுகிற வேகமாம்.
முதல் மணி அடித்து
மதியச் சோற்றுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள்
உனக்கு ஒரு முழு நாள் முடிந்துவிடுமாம்.
ரஹ்மத் சுழன்று காட்டினாள்:
பாவாடை விரிந்தது.
அப்படித்தான் நீ நீண்டுவிட்டாய்.

ஆனால் ஆண்டு?
அது மட்டும் இருநூற்று எண்பத்துச் சொச்சம்.
அங்கே பிறந்தால்
ஒரு பிறந்தநாள் மிட்டாய்கூடக் கிடைக்காது.

மேசைமேல் முட்டையைச் சுழற்றினேன்.
தள்ளாடியது, நின்றது.
மறுபடி. தள்ளாட்டம்.
"உள்ளே தளும்புதுடி, அவிச்சுக் கொண்டா" என்றாள் ரஹ்மத்.
அவித்தோம்.
பம்பரம் தோற்றது!

ரஹ்மத்தின் கண்ணாடி வளையல், உன் மெல்லிய வளையம்.
இரண்டு மிளகு, உன் இரண்டு நிலா.
செங்கல் உரசி ஓட்டில் ஒரு பொட்டு,
உன்மேலும் அப்படி ஒரு செம்மறு உண்டாமே.
மற்றபடி நீ
மீன் பெட்டி ஐஸைவிட வெளுப்பு.

இம்மானுவேல் பலகையில் கணக்குப் போட்டான்:
இந்த முட்டை ஹௌமியா என்றால்
பூமி ஒரு பெரிய பறங்கிக்காய்.
சூரியன் நாற்பது மீட்டர் உருண்டை.
அதை லெட்சுமாங்குடியில் வைக்கக் கூடாது,
செங்கல்பட்டில் வைக்க வேண்டும்.
அங்கிருந்து கிளம்பும் வெளிச்சம்
மன்னார்குடி ராத்திரி ரயில் மாதிரி
ஏழு மணி நேரம் ஓடி,
முட்டைக்கு வந்து சேரும்போது
பாவம், களைத்திருக்கும்.

நடுவர் வந்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"என்னம்மா, உன் கோளு நசுங்கிப் போச்சா?"
"நசுங்கல சார். சுத்துது."
சுற்றிக் காட்டினேன்.
அது நிற்கும்வரை அவரும் நின்றார்.

பரிசு சனிக்குப் போனது.
தெர்மாகோல் வளையம், அதில் சீரியல் பல்பு வேறு.
எங்களுக்குப் பசி.
இம்மானுவேல் மேசை விளிம்பில் கோளைத் தட்டினான்.
எப்போதோ உன்மேலும் ஏதோ மோதியிருக்கும் என்கிறார்கள்,
தெறித்த துண்டுகள் இன்னும்
உன் சொந்தமாய் வானில் அலைகின்றனவாம்.
எங்கள் துண்டுகளைக் காகிதத்தில் கூட்டினோம்.
நிலா இரண்டையும் நசுக்கித் தூவி
ஹௌமியாவை மூன்றாய்ப் பங்கு வைத்தோம்.
மஞ்சள் கரு எனக்கு.

இரவு பட்டியோரம் படுத்து வானம் பார்த்தேன்.
நீ கண்ணுக்குத் தெரிய மாட்டாய், அது தெரியும்.
சும்மா, அந்தப் பக்கமாக இருக்கும் என்று
ஒரு பக்கம் பார்த்தேன்.
வாத்துகள் தூக்கத்தில் முனகின.

நாலு மணிக்கு டார்ச்சோடு இறங்கினேன்.
சேற்றில், வைக்கோலில், வரப்போரத்தில்
அறுநூறு ஹௌமியா.
ஒன்றை எடுத்தேன்.
சூடாக இருந்தது.
கூடை மூடிமேல் வைத்து ஒரு சுற்று சுற்றினேன்,
தள்ளாடி நின்றது.